மண்ணில்லாப் பயிர்ச்செய்கைக்கு ஏற்ற வளர்ப்பூடகத்தைத் தெரிவு செய்தல்

பட்டிப்பொல முதலிய உயர்ந்த மலைப் பகுதிக் கமக்காரருக்கு

முன்னுரை

நட்டு ஒரு மாதம் ஆன கோவாக் கன்று நண்பகலில் வாடிச் சாய்ந்து, மாலையில் மீண்டும் தெளிந்து நிற்பதைப் பட்டிப்பொல, அம்பேவளை, நுவரெலியாப் பகுதிகளிற் காய்கறி செய்யும் கமக்காரர் பலர் கண்டிருப்பர். அக்கன்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேர்கள் வீங்கிக் கழலை கட்டியிருக்கும். வேர்க்கழலை நோய் எனப்படும் இந்நோயின் வித்திகள் மண்ணிற் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்க வல்லன. உருளைக்கிழங்கையும் தக்காளியையும் கெடுக்கும் பற்றீரியா வாடல் நோயும், உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் வட்டப்புழுவும் இவ்வாறே மண்வழி பரவுவனவாகும்.

வேறு நிலத்துக்கு மாறிச் செய்யலாமென்றால் அதற்கும் வழி குறைவு. தோட்டப் பகுதிகளிற் பலருக்கு உள்ளது லயத்தின் பின்புறத்திலுள்ள சிறு துண்டு நிலமே. அந்நிலம் ஒருமுறை நோய்ப்பட்டுவிட்டால் குடும்பத்தின் ஒரு வருமானமே நின்றுவிடுகின்றது. இக்காரணத்தினாலே, மண்ணைத் தவிர்த்துப் பைகளிலும் பெட்டிகளிலும் தட்டங்களிலும் பயிர் வளர்க்கும் முறையைப் பற்றி விசாரிப்போர் தொகை பெருகியுள்ளது. அவ்வாறு விசாரிப்போர் முதலிற் கேட்பது, "மண்ணுக்குப் பதிலாக எதனை இடுவது?" என்பதாகும். அக்கேள்விக்கு விடை கூறுவதே இத்துண்டுப் பிரசுரத்தின் நோக்கம்.

மண்ணின்றிப் பயிர் வளருமா?

நெல் விளைவிக்கும் கமக்காரருக்கு இது புதுமையன்று. பிலிப்பைன் நாட்டிலிருந்து வந்த டபொக் நாற்றுமேடையில், வாழையிலை அல்லது பொலித்தீன் விரிப்பின்மேல் முளைவிட்ட நெல்லை நெருக்கமாகப் பரப்பி, மண் சிறிதுமின்றி நீர் மாத்திரம் தெளித்து இரு வாரங்களுக்குள் நாற்றைச் சுருட்டி எடுக்கின்றனர். அந்நாட்களில் நாற்று உண்பது விதையிலுள்ள சேமிப்புணவையே. அச்சேமிப்பு முடிந்தபின்னும் பயிர் தொடர்ந்து வளர வேண்டுமாயின், போசணைச் சத்துக்களை நீரிற் கரைத்து நாம் ஊட்டுதல் வேண்டும். இதுவே மண்ணில்லாப் பயிர்ச்செய்கையின் அடிப்படை.

அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து கெரிக் என்னும் அறிஞர் 1929 ஆம் ஆண்டளவில் இம்முறையை ஆய்வுகூடத்திலிருந்து தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். 1945 ஆம் ஆண்டில் அசென்சன் தீவில் தங்கிய அமெரிக்கப் படையினர், சரளைக் கற்கள் நிரப்பிய தொட்டிகளிற் காய்கறி விளைவித்து உண்டனர். நமக்கு இவற்றினும் நெருங்கிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. நம்மைப் போலவே மலையும் தேயிலையும் சூழ்ந்த, அந்நாளில் டார்ஜிலிங் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கலிம்பொங்கில், 1946 ஆம் ஆண்டில் சோல்ற்றோ டக்ளஸ் என்பவர் சோதனைகளைத் தொடங்கினார். விலையுயர்ந்த இயந்திரங்களை அவர் நாடவில்லை. அவ்விடத்திற் கிடைத்த உடைகல்லையும் மணலையும் கலந்து, அக்கலவையின் மேல் உப்புப் பசளைகளைத் தூவி நீரூற்றும் எளிய முறையை வகுத்தார். அது 'வங்காள முறை' எனப் பெயர் பெற்றது. அருகிற் கிடைக்கும் மலிவான பொருளை அறிந்து பயன்படுத்துக என்பதே அம்முறை நமக்குத் தரும் பாடம்.

வளர்ப்பூடகத்தின் தொழில்

வேர் பற்றி நிற்பதற்காக மண்ணுக்குப் பதிலாக இடும் பொருளை வளர்ப்பூடகம் என்பர். அது மூன்று தொழில்களைச் செய்தல் வேண்டும். முதலாவது, செடி சாயாது தாங்குதல். இரண்டாவது, ஒரு நீரூற்றலுக்கும் அடுத்ததற்கும் இடையே வேருக்கு நீரைச் சேமித்து வைத்தல். மூன்றாவது, வேர் சுவாசிக்கக் காற்றுக்கு இடம் விடுதல். முதலிரண்டையும் எல்லோரும் எண்ணுகின்றனர். மூன்றாவதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகின்றனர்.

பட்டிப்பொலவில் அம்மூன்றாவது தொழிலே முதன்மையானது. இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம் அமைந்த இவ்வூர், கடல் மட்டத்திலிருந்து 6,200 அடிக்கு மேலுள்ளது. மூடுபனியும் தூறலும் நாட்கணக்கில் நிற்கும். சனவரி, பெப்ரவரி மாதங்களின் தெளிந்த இரவுகளில் உறைபனியும் விழும். இத்தகைய குளிரில் இலை நீரை மெதுவாகவே வெளிவிடுகின்றது. ஊடகமும் விரைவிற் காய்வதில்லை. புத்தளத்திலோ யாழ்ப்பாணத்திலோ ஒரே நாளில் உலர்ந்துவிடும் அதே கலவை, இங்கே நான்கு நாளும் ஈரமாக இருக்கலாம். காற்றில்லா ஈரத்தில் வேர் பழுப்பாகி அழுகும். ஆகவே தாழ்நிலத்து நண்பர் கூறிய கலவையை அவ்வாறே இங்கு பின்பற்றுதல் தவறாகும். வெப்பமான இடத்தில் நீரைப் பிடித்து வைக்கும் ஊடகத்தைத் தேடுக. குளிர்ந்த இடத்தில் நீரை வடியவிடும் ஊடகத்தைத் தேடுக.

நமக்குக் கிடைக்கும் பொருள்கள்

தும்புத்தூள்: தேங்காய் மட்டையிலிருந்து தும்பைப் பிரிக்கும்போது உதிரும் தூள் இது, தும்புச்சோறு என்றும் வழங்குவர். முன்னாளில் ஆலைகளின் அருகே குப்பை மேடாகக் குவிந்து கிடந்த இப்பொருளை, இன்று அந்நிய நாட்டுத் தோட்டக்காரர் இலங்கையிலிருந்து கட்டிகளாக வாங்குகின்றனர். தன் எடையைப்போற் பல மடங்கு நீரை ஏற்கும், காய்ந்தபின்னும் எளிதில் நனையும், மெதுவாகவே உக்கும். 5 கிலோக் கட்டி ஒன்று நீரில் ஊறினால் ஏறக்குறைய 65 லீற்றர் தூளாகப் பெருகும். இதன் குறைகள் இரண்டு. மிக நுண்ணிய தூளாயின் காற்றுக்கு இடமிராது. உவர் நீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்ததாயின் சோடியமும் பொற்றாசியமும் மிகுந்து பயிரைக் கருக்கும். நார் சிறிது கலந்த, கரடான, பழுப்பு நிறத் தூளையே தேர்ந்து வாங்குக.

கருக்கிய உமி: நெல் ஆலைகளிற் கிடைக்கும் உமியை முற்றாக எரிக்காது கரியாகும் அளவிற் கருக்குதல் வேண்டும். பக்கங்களில் துளையிட்ட தகர உருளை ஒன்றினுள் தீ மூட்டி, அதனைச் சுற்றி உமியைக் குவித்து, கருகிய பகுதியையும் கருகாத பகுதியையும் மண்வெட்டியாற் புரட்டிக்கொண்டிருந்தால், குவியல் முழுவதும் கறுக்கும். உடனே நீரூற்றி அணைத்து விடுக. தாமதித்தால் வெண்சாம்பலாகும். வெண்சாம்பல் காரத்தன்மை மிக்கதாகையால் வேருக்குத் தீங்கு செய்யும். நன்கு கருக்கிய உமி இலேசானது. நீரை விரைவாக வடியவிடும். அதனிலிருந்த களை விதைகளும் பூச்சிகளும் அழிந்திருக்கும். இருமுறை நீரிற் கழுவியபின் பயன்படுத்துக. தனித்து இட்டால் விரைவிற் காயும். தும்புத்தூளுடன் சேர்ந்தால் ஒன்றன் குறையை மற்றொன்று நிறைக்கும்.

மணலும் சரளையும்: உக்குவதில்லை, கழுவித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். ஆயினும் பாரம் மிகுதி. ஒரு லீற்றர் மணல் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ நிறையுள்ளதாதலின், தட்டுகளிலும் தொங்கும் பைகளிலும் இடுதல் ஒவ்வாது. கடல் மணல் உப்புள்ளது, அதனை விலக்குக. மிக நுண்ணிய மணல் தும்புத்தூளின் இடைவெளிகளை அடைத்துவிடும். பருமணல் அல்லது பயறளவு சரளையே ஏற்றது. மாத்தளை, கண்டிப் பகுதிகளிலுள்ள தொலமைற்றுப் பாறையிலிருந்து வந்த கல் ஊடகத்தின் காரத்தன்மையை ஏற்றிவிடுமாதலால் அதனைச் சோதித்தே வாங்குக.

மரத்தூள்: ஆலைகளில் மலிவாகக் கிடைக்கும். ஆனால் பச்சை மரத்தூள் உக்கும்போது பயிருக்குரிய நைதரசனைத் தானே கவர்ந்துகொள்ளும், இலை மஞ்சளாகும். யூக்கலிப்டஸ் போன்ற சில மரங்களின் தூள் இளநாற்றுக்கு ஆகாது. பதனிடும் மருந்து பூசிய பலகையின் தூளை எவ்வகையிலும் தொடற்க. வேறு பொருள் கிடைக்கும்போது மரத்தூளை விட்டுவிடுதல் நன்று.

அந்நியப் பொருள்கள்: பாறைப்பஞ்சு, பேர்லைற்று, வேர்மிக்குலைற்று என்பன நோயற்றவை, ஒரே தன்மையுள்ளவை. ஆயினும் பணங்கொடுத்துப் பிற நாட்டிலிருந்து தருவிக்க வேண்டியவை. பேர்லைற்று செய்யும் வேலையை நம் கருக்கிய உமி பெரும்பாலும் செய்துவிடும்.

காட்டுப் பொருள்கள்: ஓட்டன் சமவெளியின் கரிய பீற்று மண்ணையும், காட்டுப் பாசியையும், மரப்பன்னத்தின் தண்டையும் வெட்டி எடுக்க எண்ணுவோர் உளர். ஓட்டன் சமவெளி 1988 ஆம் ஆண்டு முதல் தேசிய வனமாகப் பாதுகாக்கப்படுகின்றது. மகாவலி, களனி, வளவை ஆகிய ஆறுகளுக்கு நீரூட்டும் அவ்விடத்தைக் கெடுத்துச் செய்யும் கமம், கீழேயுள்ள நெல்வயலுக்குச் செய்யும் தீங்காகும்.

பணங்கொடுக்குமுன் செய்ய வேண்டிய மூன்று சோதனைகள்

1. உப்புச் சோதனை. யான் கமத்தொழிற் பாடசாலையிற் பயின்றபோது, கழுவாத தும்புத்தூளை ஒரு தட்டத்தில் நிரப்பி முள்ளங்கி விதைத்தோம். முளைத்த கன்றுகளின் இலை ஓரம் பத்து நாட்களிற் கருகியது. பசி என்று கருதி மேலும் பசளைக் கரைசலை ஊற்றினோம்; எஞ்சியவையும் மடிந்தன. உப்பு மிகுந்த ஊடகத்துக்கு மேலும் உப்பை ஊட்டியதே நாம் செய்த பிழை. நீவிர் அவ்வாறு செய்யாதிருக்க, வாங்கக் கருதும் தூளில் ஒரு கிண்ணமும், நன்கு கழுவிய ஆற்றுமணலில் ஒரு கிண்ணமும் எடுத்து, ஒவ்வொன்றிலும் 20 முள்ளங்கி விதைகளை இட்டு, நல்ல நீரால் மாத்திரம் நனைத்து வைக்குக. ஒரு வாரத்தின் பின் இரண்டையும் ஒப்பிடுக. தூளில் முளைத்தவை தொகையிற் குறைந்தோ, வேர் நுனி பழுத்தோ இருப்பின், அது கழுவப்பட வேண்டியது. மின்கடத்துதிறன் மானி உள்ளவர், கழுவியபின் வடியும் நீர் ஒரு மில்லிசீமனுக்குக் குறைவாக இருக்கின்றதா என்று பார்க்கலாம். நாற்றுக்காயின் அதன் பாதியே நன்று.

2. சுண்ணச் சோதனை. மணல் அல்லது சரளையிற் சிறிது எடுத்துத் தூளாக்கி, சூடாக்கிய வினாகிரியை அதன்மேல் ஊற்றுக. நுரைத்துப் பொங்கினால் அதிற் சுண்ணப் பொருள் உண்டு. அதனை நிலத்துக்கு இடலாம். மண்ணில்லாப் பயிருக்கு இடற்க.

3. காற்றுச் சோதனை. மூன்றிலும் இதுவே முதன்மையானது. அடியில் துளையுள்ள ஒரு தகரப் பேணியை எடுத்து, துளைகளை அடைத்து, அது எவ்வளவு நீர் கொள்கின்றதென அளந்து கொள்க. 5 லீற்றர் என வைத்துக்கொள்வோம். நீரை அகற்றி, ஈரமான ஊடகத்தை நிரப்பி, இருமுறை தரையிற் தட்டி அமர்த்துக. பின் மேல்விளிம்பில் நீர் பளபளக்கும் வரை மெல்ல மெல்ல நீரூற்றி, ஒரு மணி நேரம் விடுக. இப்பொழுது துளைகளைத் திறந்து வடியும் நீரை ஏந்தி அளக்குக. வடிந்த நீர் இருந்த இடத்தையே இனிக் காற்று நிரப்பும். ஒரு லீற்றர் வடிந்தால், ஐந்தில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு 20 வீதம் காற்றிடம் உண்டு என்பது பொருள்.

பட்டிப்பொல போன்ற குளிரிடத்தில் நூற்றுக்கு 20 முதல் 30 வரை காற்றிடம் இருத்தல் நன்று. 10 இற்குக் குறைந்தால் வேரழுகல் வருமென எதிர்பார்க்கலாம். கருக்கிய உமியையோ சரளையையோ கூட்டி மறுபடியும் சோதிக்குக. 35 இற்கு மேற்பட்டால் அடிக்கடி நீரூற்ற நேரிடும், தும்புத்தூளைக் கூட்டுக. ஒரு செய்தி கவனிக்கற்பாலது: எந்தக் கலத்திலும் அடிப்பகுதியில் ஒரு சிறு படை நீர் தேங்கியே நிற்கும். பத்து அங்குல ஆழமுள்ள பையில் அஃது ஒரு பொருட்டன்று. இரண்டங்குலத் தட்டத்தில் அதுவே பாதி இடத்தைப் பிடித்துவிடும். ஆதலின் நீவிர் பயிரிடப்போகும் கலத்தின் ஆழமுள்ள பேணியிலேயே சோதனையைச் செய்க.

கழுவுதலும் கலத்தலும்

தும்புத்தூளை நீரில் ஊறவைத்து, சாக்கிற் கட்டி, அதன் பருமனிலும் இரண்டு மூன்று மடங்கு நல்ல நீரைப் பகுதி பகுதியாக ஊற்றி வடிக்குக. தக்காளியும் குடைமிளகாயும் போன்ற நெடுங்காலப் பயிருக்காயின், ஒரு லீற்றர் நீருக்கு 5 கிராம் வீதம் கல்சியம் நைத்திரேற்று கரைத்து, அக்கரைசலில் ஓர் இரவு ஊறவிட்டு மீண்டும் கழுவுதல் வேண்டும். தூளைப் பற்றிக்கொண்டுள்ள சோடியத்தையும் பொற்றாசியத்தையும் வெளியேற்றி, அவ்விடத்தைக் கல்சியம் பிடித்துக்கொள்ளும். இதைச் செய்யாவிடின் பயிருக்கு ஊட்டும் கல்சியத்தைத் தூளே கவர்ந்துகொண்டு, தக்காளிக் காயின் அடி கறுத்து அழுகும்.

பின்வரும் அளவுகள் தொடக்கத்துக்கு ஏற்றவை. எல்லாம் பருமன் அளவாகும்.

தக்காளி, குடைமிளகாய்: தும்புத்தூள் 2 பங்கு, கருக்கிய உமி 1 பங்கு. செடியொன்றுக்கு ஏறக்குறைய 10 லீற்றர்.

ஸ்ட்ரோபெரி: தும்புத்தூள் 1 பங்கு, கருக்கிய உமி 1 பங்கு. ஈரம் மிகுந்தால் இதன் அடித்தண்டு விரைவில் அழுகும்.

நாற்றுத் தட்டம்: சலித்த தும்புத்தூள் 1 பங்கு, கருக்கிய உமி 1 பங்கு.

நீரில் மிதக்கும் தட்டிற் சலாது: சிறு கிண்ணத்தில் செடியை நிறுத்துமளவு கரடான தும்பு மாத்திரம் போதும்.

எடுத்துக்காட்டாக, 100 தக்காளிச் செடிகளுக்கு 1,000 லீற்றர் ஊடகம் வேண்டும். அதில் ஏறக்குறைய 670 லீற்றர் தும்புத்தூள். அஃதாவது 5 கிலோக் கட்டிகள் பத்து அல்லது பதினொன்று. எஞ்சியது கருக்கிய உமி. கணக்கை முதலிலே போட்டுப் பார்த்து, விற்பனை நிலையத்தின் விலையையும் ஏற்றுக் கூலியையும் சேர்த்து எழுதிய பின்னரே முடிவு செய்க.

இவ்வூடகங்களிற் பயிருக்குப் போதிய உணவு இல்லை. கடைகளில் விற்கும் அல்பர்ட் கலவை போன்ற முழுப் போசணைத் தூளைப் பொதியிற் கூறிய அளவிற் கரைத்து ஊட்டுதல் இன்றியமையாதது. மழை கரைசலைக் கழுவிச் செல்லாதிருக்கப் பொலித்தீன் கூரையும் வேண்டும். குளிர்ந்த அதிகாலையில் நீரூற்றாது, வெயில் ஏறியபின் ஊற்றுக. ஊற்றுமுன் பையைத் தூக்கிப் பார்க்கும் வழக்கத்தைக் கைக்கொள்க. பாரமாயிருந்தால் அன்று ஊற்ற வேண்டியதில்லை. வடியும் கரைசலை ஓடையில் விடாது, புல்லுக்கோ வேறு பயிருக்கோ பாய்ச்சுக.

அறுவடையின் பின்

தும்புத்தூள் கலவையை இரண்டு மூன்று போகங்களுக்குப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு முறையும் வேர்களை நீக்கி, நல்ல நீராற் கழுவி, காற்றுச் சோதனையை மறுபடி செய்க. தூள் உக்கி நுண்ணியதாகக் காற்றிடம் குறைந்துகொண்டே வரும். வாடல் நோய் கண்ட பையின் ஊடகத்தைத் திரும்பப் பயன்படுத்தலும், காய்கறி நிலத்திற் கொட்டலும் ஆகா. நோயற்ற பழைய ஊடகம் நிலத்துக்கு நல்ல சேதனப் பொருளாகும்.

எங்கே தொடங்குவது?

கரட், லீக்ஸ், பீட்ரூட் போன்றவற்றைப் பையில் வளர்த்தல் செலவுக்குக் கட்டாது. அவற்றுக்கு நிலமே உரியது. எல்லாப் பயிரையும் மண்ணிலிருந்து தூக்கிவிட வேண்டுமென நாம் கூறவில்லை. முதலில் நாற்றுத் தட்டத்திலே தொடங்குக. வேர்க்கழலை நோய் ஒரு நிலத்திலிருந்து மறு நிலத்துக்குச் செல்லும் வழிகளுள் நோய்ப்பட்ட நாற்றும் ஒன்று. அயலாரிடம் வாங்கிய ஒரு கட்டு நாற்றினால் தன் நிலத்தை ஆண்டுக்கணக்கிற் கெடுத்துக்கொண்டவர் பலர். கழுவிய தும்புத்தூளிலும் கருக்கிய உமியிலும் வளர்ந்த கோவா நாற்று, தூய வேருடன் நிலத்துக்குச் செல்கின்றது. தட்டத்தை நிலத்தில் வையாது மேசையில் வைத்து, தூய நீரை ஊற்றி, வயலில் நடந்த காலணியுடன் அருகே செல்லாதிருத்தல் வேண்டும். முன்னரே நோய்ப்பட்ட நிலத்தை இந்நாற்று குணப்படுத்தாது. அந்நிலத்துக்குச் சுண்ணாம்பிடுதலும் பயிர் மாற்றுதலும் தேவை. ஆனால் நோயற்ற நிலம் நோயற்றதாகவே இருக்க இது பெரிதும் உதவும்.

ஒரு தட்டத்தில் வெற்றி கண்டபின் பத்துப் பைகள். பத்துப் பைகளில் வெற்றி கண்டபின் நூறு. கடன் வாங்கிக் கூடாரம் அமைக்குமுன், ஒரு மழைக்காலமும் ஓர் உறைபனிக் காலமும் உங்கள் கலவையை உங்கள் முற்றத்திலே சோதித்துப் பார்ப்பீராக.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. குளிர்ந்த மலைப் பகுதியில் ஊடகத்தின் காற்றிடமே முதன்மையானது.

2. கழுவாத தும்புத்தூளைப் பயன்படுத்தற்க.

3. உமியைக் கருக்குக, சாம்பலாக்கற்க.

4. உப்பு, சுண்ணம், காற்று ஆகிய மூன்று சோதனைகளையும் வாங்குமுன் செய்க.

5. நாற்றுத் தட்டத்திற் தொடங்கிச் சிறிது சிறிதாகப் பெருக்குக.

ஐயமுள்ளோர், வாங்கக் கருதும் ஊடகத்தில் ஒரு சிறு பையும், ஊற்றும் நீரில் ஒரு போத்தலும் எடுத்துக்கொண்டு தங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை நேரிற் காண்பாராக.